மூன்று சொட்டு, மேலே ஒரு கோடு

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய், படத்தில் கன்னம் தெரிகிறது.

எந்தப் படம் என்று முழிக்காதே. உங்கள் கூட்டம் மலர் அடிக்கக் கொடுத்திருக்கும் அச்சகத்தில்தான் என் மருமகள் வேலை செய்கிறாள். 'மழைக்கோட்டை' வீடியோ கேம் ரசிகர் மலர். பக்கங்களை அடுக்கித் தைப்பது அவள் வேலை. பதினாலாம் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டதாம். மத்தியானம் சாப்பிட வந்தவள் தட்டைத் தள்ளிவிட்டு அந்தத் தாளை என் முன்னால் விரித்தாள்.

"அத்தை, இது உங்க கையெழுத்து மாதிரி இல்ல?"

"எனக்கு ஏதுடி கையெழுத்து?"

"எழுத்தைச் சொல்லல. இந்தக் குறிங்க. நம்ம வீட்டுத் துணியில உள்பக்கமா தைச்சு வைப்பீங்களே, அதே குறி."

பார்த்தேன். என் நோட்டு. சலவைக்கூடத்து ரசீது நோட்டின் பின்பக்கங்களில் நான் வரைந்த வழிப்படம். ஓரத்தில் நான் டம்ளர் வைத்த வட்டக்கறை கூட அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே உன் படம். கீழே, "குடைக்கிழவியைக் கடைசிக் கதவு தாண்டிக் கூட்டிச் சென்ற ஒரே ஆட்டக்காரர், இருபது வயதில், யாருடைய உதவியும் இல்லாமல், தானே உருவாக்கிய ரகசியக் குறிகளுடன்" என்று அச்சடித்திருக்கிறார்கள்.

ரகசியக் குறியா? அடப்பாவி! ஒற்றைப் புள்ளி என்றால் கஞ்சி போடாதே. பெருக்கல் குறி என்றால் சாயம் போகும், தனியாக நனை. சலவைக்கூடத்தில் பன்னிரண்டு பெண்கள் அந்தக் குறிகளை வைத்துத்தான் வேலை பார்த்தோம். பாதிப் பேருக்கு எழுத வராது. எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வரும். ஆறாம் வகுப்புக்கு ஏன் போகவில்லை என்று உனக்குத் தெரியும். அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு எந்தப் பள்ளிக்கூடத்தில் போய் உட்காருவேன்? அந்த ஆட்டத்தில் விஷச்சேறு வரும் இடத்தில் எல்லாம் சாயக்குறி போட்டேன். தனியாகப் போ, கூட யாரையும் இறக்காதே என்று அர்த்தம். அது உன் ரகசியமா?

எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன். நீ டிவி ரிப்பேர் கடையில் இருந்தபோது உடைந்த வீடியோ கேம் மிஷின் ஒன்றைச் சரிசெய்து கொண்டுவந்தாய். கூடவே யாரும் வாங்காத ஒரு கேசட். கடைக்காரர் குப்பைக்கு ஒதுக்கி வைத்திருந்தது. ஓயாமல் மழை பெய்யும் ஒரு நாடு, மொட்டைத்தலை வீரன் ஒருவன், அவன் பின்னாலேயே குடை பிடித்து வரும் ஒரு கிழவி. நீ பத்து நாளில் அலுத்துப்போனாய். நான் அலுக்கவில்லை. காலை வேலை முடிந்து, வீட்டுக்குக் கொண்டுவரும் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே மத்தியானம் எல்லாம் ஆடினேன். ஆட்டத்தில் வரும் மொழி எனக்குத் தெரியாது. திரையில் ஒரு பெட்டிக்குள் இரண்டு சொல் வரும், ஒன்று மேலே, ஒன்று கீழே. முதல் தடவை மேல்சொல்லை அழுத்தினேன், வைத்திருந்த கோழி காணாமல் போயிற்று. அன்றிலிருந்து எப்போதும் கீழ்ச்சொல்தான். பாலத்தில் அந்தக் கிழவி மூன்று தடவை என்னவோ கேட்டாள். மூன்று தடவையும் கீழ்ச்சொல்லை அழுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நீ வாயைப் பிளந்தாய்.

"அக்கா, 'நான் களைச்சுட்டேன், இங்கயே இருந்துக்கட்டுமா'ன்னு கேக்கறா. நீ முடியாதுன்னுட்ட! படிக்கத் தெரிஞ்ச எவனும் முடியாதுன்னு சொல்ல மாட்டான்."

அப்படித்தான் அவள் என்னோடு வந்தாள். நான்தான் அவளைக் கடைசிக் கதவு வரைக்கும் இழுத்து வந்தேன். அங்கே நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர ஆட்டத்தை மூன்றாவது வரிசையில் பதிந்து வைத்தேன். "வர்ற ஞாயிறு வரைக்கும் தொறக்காத அக்கா, நான்தான் படிச்சுச் சொல்லணும்" என்றாய். திறக்கவில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து வந்தேன். மிஷின் இருந்த மேசையில் தூசி படியாத ஒரு சதுரம்தான் இருந்தது. நீயும் இல்லை, கேசட்டும் இல்லை, என் நோட்டும் இல்லை.

முப்பத்து நாலு வருஷம்.

பதினாலாம் பக்கத்தை மாற்றச் சொல். கேசட்டை அனுப்பு. அந்தக் கதவை நான் திறக்க வேண்டும். போன் போடாதே. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகன் கல்யாணத்துக்கு அழைக்கப் போன் செய்தேன். "மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்தாயே, அதோடு உன் குரல் எனக்குப் போதும். முகவரி மலரின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

அக்கா

*

பிப்ரவரி 10

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இத்தனை வருடம் கழித்து வரும் முதல் கடிதம் இப்படி இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஆச்சரியமும் இல்லை.

மலரில் உள்ள வாசகம் நான் எழுதியதல்ல. குழுவினர் எழுதியது. நோட்டு என்னிடம் இருந்தது, கேட்டார்கள், கொடுத்தேன். ஆறு வாடகை வீடுகள் மாறியும் அதைத் தொலைக்காமல் வைத்திருந்தவன் நான். உங்களிடம் இருந்திருந்தால் என்றைக்கோ அடுப்புக்குப் போயிருக்கும்.

இந்த ஆட்டம் இவர்களுக்கு என்ன என்பதை உங்களுக்கு விளக்குவது கடினம். வெளிவந்தபோது யாரும் திரும்பிப் பார்க்காத கேசட் இது. சிறு வயதில் எங்கோ ஒரு மூலையில், தனியாக, இதை ஆடிய இருநூறு பேர் இப்போது ஒருவரை ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார்கள். பல் மருத்துவர், லாரி ஓட்டுநர், பள்ளி முதல்வர். தலை நரைத்தவர்கள். அந்த முதல் மழைச்சத்தமும் புல்லாங்குழலும் வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் எல்லோரும் கிழவியைப் பாலத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள். கூட்டி வந்திருக்கலாம் என்று என் மூலம்தான் அறிந்தார்கள். ஆனால் அவளோடு கடைசிக் கதவுக்குள் போனால் நீர்ப்பூதம் அனைவரையும் கொன்றுவிடுகிறது. யாராலும் தாண்ட முடியவில்லை.

மார்ச் 20 அன்று மண்டபத்தில் பெரிய திரை போட்டு நான் அதைத் தாண்டிக் காட்ட வேண்டும். பிறகு கேசட்டுக்குப் புதுப் பேட்டரி போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். ஆட்டப் பதிவுகளைக் காக்கும் பழைய பேட்டரி சாகும் நிலையில் இருக்கிறது. மாற்றும்போது பதிவுகள் அழிந்துவிடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு சிறு விஷயம். நோட்டின் கடைசிப் பக்கத்தில், கதவுப் படத்துக்கு அருகில், ஒரு கோடும் அதன் கீழே மூன்று சொட்டும் இருக்கின்றன. அது என்ன குறி என்று ஞாபகம் இருந்தால் எழுதுங்கள். அவசரமில்லை.

தம்பி

*

பிப்ரவரி 14

தம்பிக்கு,

நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். என்றைக்கிலிருந்து நான் உனக்கு நீங்கள் ஆனேன்? உன் மூக்கைத் துடைத்துவிட்ட முந்தானைக்கா இந்த மதிப்பும் மரியாதையும்?

அவசரமில்லையாம். உன்னை வளர்த்தவள் நான். நாலு வயதில் இரண்டு காலையும் பின்னிக்கொண்டு, நெற்றி எல்லாம் வேர்த்து நிற்பாய். "வெளிக்கு வருதாடா?" என்றால், "அவசரமில்லக்கா" என்பாய். அடுத்த நிமிஷம் நான்தான் தரையைக் கழுவுவேன். உனக்கு அவசரம் என்றால்தான் வாயில் அவசரமில்லை வரும்.

பதினைந்தாம் பக்கத்தையும் மருமகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கதவு திறந்ததாம், கிழவி குடையை மடக்கினாளாம், மழை நின்றதாம், அவள்தான் மொட்டையைப் பெற்ற தாய் என்று தெரிந்ததாம், நீ அழுதாயாம். இருநூறு பேரும் அதைக் கேட்டு அழுதார்களாம். படிக்கும்போது மருமகளுக்கே குரல் இறங்கிவிட்டது.

எனக்கு இறங்கவில்லை. ஏன் தெரியுமா? அந்த மூன்று சொட்டுக் குறி என்னவென்று தெரியாதவன் அந்தக் கதவுக்குள் கிழவியோடு போய் உயிரோடு வெளியே வரவே முடியாது. வழி அதுதான், வேறு வழி கிடையாது. நீயோ அந்தக் குறி என்ன என்று என்னிடம் கேட்கிறாய்.

நீ முடிவைப் பார்க்கவே இல்லை. அளந்துவிட்டிருக்கிறாய். என் நோட்டை எடுத்தது போதாமல், நான் பார்க்காத முடிவையும் நீயே செய்து ஊருக்கு விற்றிருக்கிறாய்.

மார்ச் 20க்குள் கேசட் என் கைக்கு வர வேண்டும். பேட்டரியைத் தொடக் கூடாது. மூன்றாவது வரிசை என்னுடையது. வரவில்லை என்றால் நானே மண்டபத்துக்கு வருவேன். மேடை ஏறி, ஒவ்வொரு குறிக்கும் எந்தச் சட்டை, எந்தக் கறை, எவ்வளவு கஞ்சி என்று உன் பல் மருத்துவரிடம் சொல்லுவேன். மூட்டுவலி எல்லாம் எனக்கு வீட்டுக்குள்தான். சண்டைக்குப் போகும்போது கிடையாது.

அக்கா

*

பிப்ரவரி 21

அக்கா,

சரி. பார்க்கவில்லை. போதுமா?

பதினொரு தடவை முயன்றேன். உன் வரிசையைத் திறந்து, உன் கிழவியோடு, அந்தக் கதவுக்குள் போனேன். பதினொரு தடவையும் பூதம் எங்களை அடித்துப் போட்டது. குழுவில் ஒரு நாள் யாரோ, "முடிவு எப்படி இருந்தது அண்ணே?" என்று கேட்டார்கள். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். சொல்லிவிட்டேன்.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல். எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறாயே, வட்டக்கறை வரைக்கும். அந்தச் சனிக்கிழமை நான் ஏன் போனேன் என்று ஒரு வரி கூட எழுதவில்லையே, ஏன்?

அன்றைக்கு எனக்கு ஒரு வெள்ளைச் சட்டை தேவைப்பட்டது. நீ இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த கட்டைப் பிரித்தேன். நாலாவது சட்டைக்கு அடியில் ஒரு கடிதம். என் பெயருக்கு வந்தது. பிரித்துப் பார்த்து, மடித்து, ஒளித்து வைத்தது. தொழிற்சாலையில் மெக்கானிக் வேலை. வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று இருந்தது. அக்கா, நான் அதைப் படித்தது சனிக்கிழமை.

அடுத்த பஸ்ஸில் போய் வாசலில் நின்றேன். "நேத்தோட முடிஞ்சுபோச்சுப்பா" என்றார்கள். கெஞ்சினேன். மூட்டை இறக்க ஆள் வேண்டும் என்றார்கள், நாலு வருஷம் இறக்கினேன். என் வலது தோள் இன்றைக்கும் தலைக்கு மேல் உயராது. ஜாய்ஸ்டிக்கைக் கூட மடியில் வைத்துத்தான் பிடிக்கிறேன்.

மிஷினையும் கேசட்டையும் கோபத்தில் எடுத்தேன். உனக்கு எது வலிக்கும் என்று எனக்குத் தெரியும், அதைத் தேடி எடுத்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

ஐம்பத்து நாலு வயது வரைக்கும் எனக்காக யாரும் கைதட்டியதில்லை. இந்த இருநூறு பேர்தான் தட்டினார்கள். அதையும் பிடுங்கிக்கொள். உனக்கு அதுதானே வழக்கம்.

தம்பி

*

பிப்ரவரி 27

தம்பிக்கு,

ஒளித்தேன். ஆமாம், நான்தான் ஒளித்தேன்.

தபால்காரர் கொடுத்த அன்றைக்கே பிரித்தேன். ஆட்டத்தில் வரும் அதே மொழி. ஒரு சொல்லும் தெரியாது. மேலே முத்திரை இருந்தது, கீழே கையெழுத்து இருந்தது. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், இவன் போய்விடுவான், அந்த மட்டும் புரிந்தது. வெள்ளிக்கிழமை என்று உள்ளே எழுதியிருப்பது எனக்கு எப்படித் தெரியும்? வேலைக்குக் கூப்பிடுகிறவன் நாலு நாள் காத்திருக்க மாட்டானா என்று நினைத்தேன். வெள்ளைச் சட்டைக் கட்டில் வைத்தேன். நீ வண்ணச் சட்டைதானே போடுவாய்.

ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து பார்த்துவிட்டு, உன் கையில் கொடுப்பதாக இருந்தேன்.

சிரிக்காதே. நீ போய்விட்டால் அந்தக் கடைசிச் சொற்களை யார் எனக்குப் படித்துச் சொல்வார்கள்? சலவைக்கூடத்து மேஸ்திரியா? எட்டு மாதம் அந்தக் கிழவியை இழுத்து வந்திருக்கிறேன். அவள் யார், எதற்காக என் பின்னால் வந்தாள், பாலத்தில் விட மாட்டேன் என்று நான் சொன்னது அவளுக்கு நல்லதா கெட்டதா, ஒன்றும் தெரியாது. அதற்காக உன்னுடைய ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் திருடினேன். உன்னுடைய நாலு வருஷத்தையும் ஒரு தோளையும் சேர்த்துத் திருடினேன் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது.

தெரிந்த இரண்டு நாளும் சலவைக்கூடத்தில் ஒற்றைப் புள்ளிச் சட்டை அத்தனைக்கும் கஞ்சி போட்டுவிட்டேன். நாற்பத்தைந்து வருஷ வேலையில் முதல் தடவை. புது மேஸ்திரி, "என்ன பாட்டி, கண்ணு தெரியலையா?" என்றான். "உன் கண்ண நோண்டிப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. நீ என்னிடம் கேட்டிருக்கலாம். கடிதத்தை என் முகத்தில் விட்டெறிந்து, "ஏன்டி இப்படிப் பண்ணின?" என்று கத்தியிருக்கலாம். நானும் கத்தியிருப்பேன். தெருவே கேட்டிருக்கும், சாயங்காலம் தீர்ந்திருக்கும். நீ தூசி படியாத சதுரத்தை விட்டுவிட்டுப் போனாய். சதுரத்தோடு யார் சண்டை போடுவது?

உன் தோளுக்கு நான் காரணம். அதற்காகப் பதினாலாம் பக்கம் உன்னுடையதாகிவிடாது. கேசட்டை அனுப்பு. குறியைச் சொல்ல மாட்டேன்.

அக்கா

*

மார்ச் 8

அக்கா,

நேற்று குழுவில் சொல்லிவிட்டேன். நோட்டு என் அக்காவுடையது, ஆடியவள் அவள், முடிவை நான் பார்க்கவில்லை, சொன்னதெல்லாம் கற்பனை என்று. பல் மருத்துவர்தான் முதலில் பேசினார்.

"பொய்யைச் சொல்லியா சார் எங்களை அழ வெச்சீங்க?"

குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். இருபதாம் தேதி நான் வர வேண்டாமாம். திரையில் காட்டுவதையும் ரத்து செய்துவிட்டார்கள்.

மிஷின், கேசட், நோட்டு, மூன்றையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பேட்டரியை யாரும் தொடவில்லை. பதினொரு தடவையும் பதியாமல்தான் அணைத்தேன். உன் கிழவி நீ விட்ட இடத்திலேயே நிற்கிறாள்.

இனி எழுதாதே. நானும் எழுத மாட்டேன். திருப்தியா?

தம்பி

*

மார்ச் 13

தம்பிக்கு,

எழுதாதே என்றால் எழுதாமல் இருக்க நான் என்ன உன் ரசிகையா?

பார்சல் முந்தாநாள் வந்தது. மருமகள் அச்சகத்தில் யாரிடமோ கேட்டு பழைய காலத்துக் குண்டு டிவி ஒன்று கொண்டுவந்தாள். பதினாலு, பதினைந்து இரண்டு பக்கத்தையும் மலரிலிருந்து எடுக்கச் சொல்லி உத்தரவு வந்ததாம். அவள் கையாலேயே எடுத்திருக்கிறாள். உன் கன்னம் இப்போது எங்கள் வீட்டு அலமாரியில் விரிந்து கிடக்கிறது.

நேற்று மத்தியானம் போட்டேன். மழைச்சத்தம் வந்தது. புல்லாங்குழல் வந்தது. யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. எனக்குக் கண்ணில் தூசி. மூன்றாவது வரிசை இருந்தது. மொட்டை, கிழவி, கதவு. முப்பத்து நாலு வருஷமாக ஓர் அடி நகராமல் நிற்கிறார்கள்.

கதவைத் தொட்டேன். பூதம் வந்தது.

இப்போது குறியைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். மேலே கோடு, அது கொடிக்கயிறு. கீழே மூன்று சொட்டு. பிழியாதே, முறுக்காதே, அப்படியே தொங்கவிடு, சொட்டி முடிக்கட்டும் என்று அர்த்தம். பட்டுத்துணிக்குப் போடுகிற குறி. அந்த ஆட்டத்தில் சண்டை வந்தால் நீ படபடவென்று அழுத்துவாய். உன் இருநூறு பேரும் அப்படித்தான் அழுத்துவார்கள். எனக்கு இஸ்திரிப்பெட்டி காய்ந்துகொண்டிருக்கும். ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு ஒரு சட்டையை முடித்துவிட்டு வருவேன். யாரும் எதையும் அழுத்தாமல் அவ்வளவு நேரம் விட்டால், கிழவி தானாகவே குடையை விரிக்கிறாள். குடைக்குக் கீழே ஒரு அடியும் விழாது. வழியில் வந்த சின்னப் பூதங்களை அப்படித்தான் தாண்டினேன், கடைசிக் கதவிலும் பூத உருவம் இருந்ததால் அங்கே அந்தக் குறியைப் போட்டு வைத்தேன். நீ என்னோடு உட்காருவது ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எனக்கு இஸ்திரி கிடையாது. அதனால் நீ பார்த்ததே இல்லை.

நேற்றும் கீழே வைத்தேன். மருமகள், "அத்தை, அடிக்கிறான், அழுத்துங்க!" என்று குதித்தாள். பேசாமல் இரு என்று மகனின் சட்டையை எடுத்தேன். முன்பக்கம், இரண்டு கை, முதுகு. காலருக்கு வரும்போது சத்தம் மாறியது. திரும்பிப் பார்த்தேன். குடை விரிந்திருந்தது. பூதம் அடித்து அடித்துத் தானே வற்றிப்போனது. கதவு திறந்தது.

அவள் குடையை மடக்கவில்லை. மழையும் நிற்கவில்லை. உன் கதை சுத்தப் பொய். கதவுக்கு அந்தப் பக்கம் கிழவி மொட்டைக்கு எதிரே வந்து நிற்கிறாள். திரை நிறைய எழுத்து. என்னவோ நீளமாகச் சொல்கிறாள்.

"படிக்கட்டுமா அத்தை?" என்றாள் மருமகள். அவளுக்கு அந்த மொழி நன்றாகவே வரும்.

"வாயை மூடிக்கிட்டு உள்ள போ" என்றேன். கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள். போகட்டும்.

பட்டனை அழுத்தும் வரை அந்த எழுத்து போகாது என்பது உனக்கே தெரியும். அங்கே பதிந்து வைக்கவும் வழியில்லை. நேற்றிலிருந்து மிஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது. சூடேறுகிறது என்று என் டேபிள் ஃபேனை அதற்குத் திருப்பிவிட்டு நான் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பேத்தி தொடப் பார்த்தாள், கையில் ஒன்று போட்டேன். கரன்ட் போனால் போனதுதான். அதற்கும் உன் மேல்தான் வழக்கு.

உன் பல் மருத்துவருக்கு எழுது. குறிக்கு அர்த்தம் இன்னது, அக்கா சொன்னாள் என்று எழுது. அக்கா சொன்னாள் என்பதை விட்டுவிட்டு எழுதினால் தெரியும் சேதி. அவர்கள் கைதட்டினால் நீயே வைத்துக்கொள், எனக்கு வேண்டாம்.

நான் உன்னை மன்னிக்கவில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். ஆனால் எழுத்துக்குக் கீழே ஒரு பெட்டி வந்து நிற்கிறது. அதற்குள் இரண்டு சொல். ஒன்று மேலே, ஒன்று கீழே. அவள் மறுபடியும் என்னவோ கேட்கிறாள். வாழ்க்கை முழுக்க கீழ்ச்சொல்லையே அழுத்தியவள் நான். நேற்றிலிருந்து விரல் போகமாட்டேன் என்கிறது.

வந்து படித்துச் சொல்லிவிட்டுப் போ. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தொட மாட்டேன்.

அக்கா